பர்ஸோ திறந்த வாசல்

அந்தக் கம்ப்யூட்டருக்குப் 'பாவி' என்று பெயர் வைத்தது லூர்துமேரிதான். தெலுங்கில் பாவி என்றால் கிணறு. இருநூற்றுப் பதினான்கு கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் பிரிவுக்கு அதிகாரியாகப் பொறுப்பேற்ற மணிவண்ணன், முதல் நாளே சர்வர் அறைக்குள் நுழைந்து, இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு நின்றுவிட்டார்.

"ஏனுங்க மேடம், மெஷினை யாரு இப்படித் திட்டி ஒட்டி வெச்சிருக்காங்க?"

"திட்டு இல்ல சார். தெலுங்குல கெணறு. நம்ம பாஷையிலதான் அது பாவி."

மணிவண்ணன் சிரிக்கவில்லை. எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெயர், யார் வைத்தது, யார் அனுமதித்தது என்று மறுநாளே ஒரு படிவம் அச்சிட்டுக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுதி வைத்தால் குழப்பம் வராது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். எழுதுகிறவருக்கே குழப்பம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

லூர்துமேரி மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா விழுப்புரத்திலிருந்து வந்து லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் தெலுங்கு, தண்ணீர்க் குழாயடியில் தக்கணி உருது. நாலையும் கலந்து அடித்தாலும் நாலு பக்கத்தாருக்கும் புரிகிறபடி பேசுவாள். மெட்டுகுடாவில் டைப்ரைட்டிங் பழகி, தொண்ணூற்றைந்தில் ஏ.எஸ்.ராவ் நகர் தாண்டி இருக்கும் இந்த நிலத்தடி நீர் ஆய்வகத்தில் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் தினக்கூலி வேலைக்கு வந்தாள். மூன்று மாத வேலை என்றார்கள். இருபத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இடையில் ஒரு நாள், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காண்ட்ராக்ட்காரர் சம்பளம் போதவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பாஸ்வேர்டு அவர் மேசை டிராயருக்குள் பென்சிலால் எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் லூர்துமேரி. கண்டுபிடித்த பாவத்துக்கு அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. தடிதடியான ஆங்கிலப் புத்தகங்களை மதிய உணவு நேரத்தில் படித்து, கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்து, கடைசியில் அந்த அறையில் அவளுக்குத் தெரியாத ஒயர் இல்லை என்ற நிலைக்கு வந்தாள். பட்டம் மட்டும் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்பதோடு நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு மனக்குறை வேறு ஒன்று. அது காலிக் கட்டங்களைப் பற்றியது.

நீர்மட்டத்தை ஏற்றுவதற்கு அந்தக் காலத்தில் கொடுத்த புரோகிராமில், அளவு என்ற கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எதையும் அடிக்க முடியாது. கயிறு விட்டு அளந்து, கிணற்றில் முப்பத்தெட்டு அடியில் தண்ணீர் என்றால் முப்பத்தெட்டு. அளவெடுப்பவர் அந்த மாதம் போகவில்லை என்றால்? காலியாக விடு. போய்ப் பார்த்தார், கிணறு வறண்டு கிடக்கிறது என்றால்? அப்போதிருந்த அதிகாரியைக் கேட்டாள். அவர் தலையைத் தூக்காமலே, "அதையும் காலியா விடும்மா" என்றார். இப்படி ஆயிரத்து நூற்று நாற்பது கட்டங்கள் காலி. எது வறட்சி, எது சோம்பல் என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதிவேடுகளோ ஒரு மழையில் நனைந்து, பழைய பேப்பரோடு பேப்பராகப் போய்விட்டன. ஆனால் லூர்துமேரி, டீசல் ஷெட்டில் வேலை பார்த்த தன் கணவன் ஃபெலிக்ஸ் கொண்டுவந்து கொடுத்த ரயில்வே டைரி ஒன்றில், ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் எதிரே குறித்து வைத்திருந்தாள். வறண்டது என்றால் 'வ'. போகவில்லை என்றால் 'போ'.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இரண்டாயிரத்து மூன்றில் மழை அடியோடு பொய்த்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் வறண்டன. வறண்டவை எல்லாம் காலி. காலியானவை சராசரியில் சேராது. மிச்சமிருந்த நல்ல கிணறுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த வருடம் நீர்மட்டம் உயர்ந்திருப்பதாக வரைபடம் சொல்கிறது. ஜனங்கள் டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடிய வருடத்தில் தண்ணீர் செழிப்பாக இருந்ததாம். லூர்துமேரி இதைச் சொன்னபோது விஞ்ஞானிகள் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி. டைப் அடிக்கிற அம்மாவின் டைரியை எந்தக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது?

இந்த நிலையில்தான் அந்தக் கூட்டு வலை வந்தது. நாட்டில் நீரைப் பற்றி ஆராய்கிற கூடங்கள் எல்லாம் தங்கள் கோப்புகளைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா சர்வர்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, ஒரே பட்டியலின் கீழ்ப் பகிர்ந்துகொள்ளும். தலைமை மையம் புனேயில். விதிமுறைகளை முழுக்கப் படித்தது ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆனால் ஒரு கோப்பைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால், தொடர்புக்கு உரியவர் எழுதும் பதில் அந்தக் கோப்போடு நிரந்தரமாக இணைக்கப்படும். தொடர்புக்கு உரியவர் என்ற இடத்தில் தம் பெயரைப் போட எந்த விஞ்ஞானியும் விரும்பவில்லை. யார் தினமும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது? இயக்குநர் வைத்தியநாதன், "லூர்துமேரி பேரைப் போட்டுடுங்கோ" என்றார்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கதவு திறந்தது. யாராவது ஒருவர், எங்கிருந்தாவது, கேட்டால் போதும்.

இணைய வேண்டிய கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குள் புனேயிலிருந்து பாவிக்குள் வந்து ஒரு கோப்பைப் பழுதில்லாமல் எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால், மற்றவர்கள் கொடுப்பதை எடுத்துக்கொள்ளலாம், நாம் கொடுக்க முடியாது. அடுத்த சேர்க்கை இரண்டு வருடம் கழித்து. லூர்துமேரி ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். கணக்குப் போட ஒன்றுமில்லை. இப்போது விட்டால், கேள்வி வரும்போது பதில் சொல்ல அவள் அந்த நாற்காலியில் இருக்க மாட்டாள். டைரியில் உள்ள 'வ'வும் 'போ'வும் யாருக்கும் புரியாத கிறுக்கல் ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்தாள். எந்த ஃபோல்டரைப் பகிர்வது, யார் படிக்கலாம், யாரும் எழுதக்கூடாது என்பதை எல்லாம் வரி வரியாக அமைத்தாள். புனேயில் இந்த வேலையைப் பார்க்கும் அனுபமா என்ற பெண் அரட்டைப் பெட்டியில் காத்திருந்தாள். பாவி புனேயிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ளப் போனது. புனே ஒரு அனுமதிச் சீட்டு அனுப்பியது. பாவி அதை வாங்க மறுத்தது. மறுபடி போனது, மறுபடி மறுத்தது. பிற்பகல் வரை இதே கதை. மூன்று மணிக்கு மேல்தான் அவளுக்கு உறைத்தது. பாவியின் கடிகாரம் ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. இன்னும் வந்தே சேராத நேரத்தைப் போட்ட சீட்டு என்று அது சந்தேகப்பட்டிருக்கிறது. கடிகாரத்தைத் திருத்தியதும் சீட்டை வாங்கிக்கொண்டது. இயந்திரத்துக்கு அவள் ஒரு வசவு வைத்தாள். அதன் பெயரைச் சொன்னாலே போதுமே.

செவ்வாய்க்கிழமை புனேயின் பட்டியலில் பாவியின் பெயர் ஏறிவிட்டது, பக்கத்தில் மஞ்சள் விளக்கோடு. பாவி வெளியே போய்ப் பேசுகிறது. இனி புனே உள்ளே வந்து கோப்பை எடுத்தால் விளக்கு பச்சை ஆகும். அனுபமா முயன்றாள். பதில் இல்லை. அரை மணி கழித்து முயன்றாள். பதில் இல்லை. உள்ளே வரும் வாசலுக்கு ஒரு எண் உண்டு. அதைப் போர்ட் என்பார்கள். வளாகத்தில் உள்ள ஐந்து ஆய்வகங்களுக்கும் பொதுவான காவல்காரன் ஒன்று நெட்வொர்க் அறையில் இருந்தது, ஃபயர்வால். அது அந்த எண்ணுக்கு, அதுவும் புனேயிலிருந்து வருபவர்களுக்கு மட்டும், வழி விட வேண்டும். விட்டாயிற்று என்றுதான் கோப்பில் இருந்தது. மணிவண்ணன் கையெழுத்திட்ட படிவத்தில் தேதியோடு போட்டிருந்தது: போன வாரம் திங்கட்கிழமை. ஆக, கோளாறு தன் பக்கம்தான் என்று லூர்துமேரி தன் வேலையை முதலிலிருந்து துருவித் துருவிப் பார்த்தாள். பாவியின் அடையாளச் சான்றிதழை மாற்றினாள். அனுமதிகளை அவிழ்த்துக் கட்டினாள். செவ்வாய் முழுக்க இதிலேயே போயிற்று.

புதன்கிழமை காலை, பாவியின் காதை வாசலில் வைத்துக் கேட்பது போன்ற ஒரு கட்டளையை ஓட விட்டாள். யார் தட்டினாலும் ஒரு வரி ஓடும். "இப்ப முயற்சி பண்ணுங்க" என்று அனுபமாவுக்கு எழுதினாள். அனுபமா பதினேழு தடவை முயன்றாள். திரையில் ஒரு வரிகூட ஓடவில்லை. தட்டுகிற சத்தமே வரவில்லை என்றால், கதவைத் திறக்கவில்லை என்று வீட்டுக்காரியைத் திட்டி என்ன பயன்?

நெட்வொர்க் அறை எதிர்க் கட்டிடம். நடந்தால் நாலு நிமிடம். முன்பெல்லாம் அவள் நேரே போய் நூர் முகமதுவிடம் சொல்லிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வருவாள். இப்போது மணிவண்ணன் ஆணை: பிரிவுக்குப் பிரிவு படிவம் மூலம்தான் பேச வேண்டும். படிவம் எழுதினாள். போர்ட் உண்மையில் திறந்திருக்கிறதா எனச் சரிபார்க்கவும். அது மணிவண்ணன் மேசையைத் தாண்டவே இல்லை. 'ஏற்கெனவே திறக்கப்பட்டது. சர்வரைச் சரிபார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தும் அவள் நினைப்பு சர்வர் அறையிலேயே இருந்தது. மகள் ஷர்மிளா, "வாட் ஹேப்பன்ட் அம்மா? ஏமைந்தி?" என்று இரண்டு பாஷையில் கேட்டுவிட்டு, பதில் வராததால் மூன்றாவது பாஷைக்குப் போகாமல் விட்டுவிட்டாள். ஃபெலிக்ஸ் மட்டும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"விட்டுத் தொலையேன். உன்ன யாரு மெடல் குடுக்கக் கூப்பிட்டா?"

"மெடல் நக்கோ, வேணாம். என்னைக் கேக்க ஒரு ஆள் வேணும்."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் அறையில் கூட்டம். மணிவண்ணன் ஒழுங்காக ஒரு அறிக்கை தயாரித்து வந்திருந்தார். சர்வர் பழையது, மென்பொருள் ஒத்துழைக்கவில்லை, பிரிவு தன்னால் இயன்றதைச் செய்தது. அவள் மேல் பழி போடவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் சுற்றி வளைத்து அவள் மேசையில்தான் வந்து நின்றது.

வைத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லை, லூர்துமேரி. நீங்க ரொம்ப சிரமப்பட்டாச்சு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன் சார்."

"நீங்க இல்லேன்னா வேற யாராவது இருப்பா."

மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னதுதான். ஆனால் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாராவது இருப்பார்கள். அந்த வேறு யாராவது, இரண்டாயிரத்து மூன்றில் காலியாகக் கிடக்கும் நாற்பத்தேழாம் கிணற்றைப் பற்றி என்ன சொல்வார்கள்? அவளுக்குக் கண்ணில் நீர் வரவில்லை, கோபம் வந்தது. நல்லதாகப் போயிற்று. கோபத்தில் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு சார். அதுவரைக்கும் விட மாட்டேன்" என்றாள்.

வைத்தியநாதன் மணிவண்ணனைப் பார்த்தார். மணிவண்ணன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். காகிதம் யாரையும் பார்க்கவில்லை. "சரி, அஞ்சு மணி வரை" என்றார் இயக்குநர்.

பிற்பகல் இரண்டரை மணிவரை லூர்துமேரி பாவியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கடைசித் தடவையாகப் பார்த்தாள். தன் பக்கம் குற்றமில்லை. இது அகம்பாவம் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் தன் குற்றத்தையும் அடுத்தவர் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தாள். அப்படியானால் பொய் சொல்வது காகிதம். எழுந்து போய் மணிவண்ணன் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. போன வாரம் திங்கட்கிழமை போர்ட் திறந்ததுன்னு யாரு சொன்னது?"

"நூர் முகமதுதானுங்க. நானே ஃபோன்ல கேட்டனே."

"என்னிக்குக் கேட்டீங்க?"

"போன வாரம் புதன்கிழமை. ஏனுங்க?"

"புதன்கிழமை கேட்டப்போ, திங்கட்கிழமைன்னு சொன்னாரா? அந்த வார்த்தையேவா?"

மணிவண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊருக்கு மாற்றல் என்று தெரிந்ததும் செல்போனில் மூன்று மாதம் இந்தி படித்தவர் அவர். அதில் அவருக்குச் சிறிது பெருமையும் உண்டு. "பர்ஸோன்னு சொன்னாருங்க. பர்ஸோ கோல் தியா, திறந்துட்டேன்னு. பர்ஸோன்னா முந்தாநாள். புதனுக்கு முந்தாநாள் திங்கள்தானே. தேதி போட்டுட்டேன்."

லூர்துமேரி அவரையே பார்த்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, பிறகு இரண்டையும் அடக்கிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், நீங்க படிச்ச இந்தியில அது முந்தாநாள். ஹைதராபாத்ல பர்ஸோன்னா முந்தாநாள் இல்ல."

"பின்ன?"

"நேத்து இல்ல. அவ்வளவுதான் அர்த்தம்."

மணிவண்ணனுக்குப் புரியவில்லை.

"போன வாரமும் பர்ஸோ, போன வருஷமும் பர்ஸோ. எனக்குக் கல்யாணம் ஆனதுகூட இங்க பர்ஸோதான். இன்னும் கொஞ்சம் விட்டா சார்மினார் கட்டினதையும் பர்ஸோம்பாங்க."

அதிகாரியின் முகத்தில் இருந்த ஒழுங்கு மெல்லக் கலைந்தது. மேசை மேல் இருந்த படிவத்தை எடுத்து, தான் போட்ட தேதியைப் பார்த்தார். அழகான கையெழுத்து. அடியில் முத்திரை வேறு.

"அப்போ அந்தாளு எப்பத்தானுங்க திறந்தாரு?"

"அதக் கேக்கத்தான் போறேன். படிவம் கிடிவம் ஒண்ணும் எழுதப் போறதில்ல. நீங்க வரீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"

மணிவண்ணன் ஒரு கணம் தயங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் போட்ட ஆணையை அவரே மிதித்துக்கொண்டு எதிர்க் கட்டிடத்துக்கு நடந்தார்.

நூர் முகமது ஐந்து ஆய்வகங்களுக்கும் நெட்வொர்க்கைக் கட்டி ஆள்கிறவர். காஞ்சன்பாக்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் ஊரைக் குறுக்கே கடந்து வருவார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஆவோ ஆபா. கைக்கு நாராஸ்? வாங்க அக்கா, ஏன் கோபம், எவ்ளோ நாளாச்சு நீங்க வந்து" என்பதை அவர் மொழியில் சொன்னார். புது ஆணைக்குப் பிறகு அவள் வராததைத் தன் மேல் கோபம் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். புனேக்காரர்களுக்கு வாசல் திறந்ததா?

"ஹவ் ஆபா. பர்ஸோ கோல் தியா நா." ஆமாம், திறந்தாச்சே.

"கோன்சா பர்ஸோ, நூர் பாய்?" எந்த பர்ஸோ?

நூர் முகமது தாடியைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். புனேக்காரர்கள் முதல் தடவை வந்து கூட்டம் போட்டார்களே, பிரியாணி ஆர்டர் பண்ணினோமே, அப்போது என்றார். லூர்துமேரிக்கு அந்தப் பிரியாணி ஞாபகம் இருந்தது. கொரோனாவுக்கு முந்தின வருடம்.

அவள் மூலையில் மினுக்கிக்கொண்டிருந்த ஃபயர்வாலைக் காட்டினாள். பளபளப்பாக இருந்தது. "ஏ நயா டப்பா கப் ஆயா?" இந்தப் புது டப்பா எப்போது வந்தது?

"வோ பீ பர்ஸோ" என்றார் நூர் முகமது. அதுவும் பர்ஸோதான்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாசலைத் திறந்தது பழைய டப்பாவில். பழைய டப்பா குப்பைக்குப் போய் இரண்டு வருடம். புது டப்பாவுக்கு அந்த வாசலைப் பற்றி யாரும் சொல்லவே இல்லை. அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு மணிவண்ணனைப் பார்த்தார். மணிவண்ணன் சுவரைப் பார்த்தார். இரண்டு பர்ஸோக்களுக்கு நடுவில் ஒரு வாசல் காணாமல் போயிருந்தது.

"இப்பத் திறங்க நூர் பாய். மணி மூணே கால்."

நூர் முகமது கைகளை விரித்தார். புது டப்பாவில் மாற்றம் செய்ய வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். அது இல்லாமல் தொடக்கூடாது என்று உத்தரவு. "சாப் கா ஆர்டர் ஹை" என்று மணிவண்ணனைக் கைகாட்டினார், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில்தான் மணிவண்ணனின் பேனா நின்றது. அவர் நிலைமை லூர்துமேரிக்குப் புரிந்தது. காலையில்தான் இயக்குநர் முன்னால் சர்வர் சரியில்லை என்று வாசித்தார். மாலையில் அதே கையால் வேறு எழுத வேண்டும். கண்டபடி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். 'உபகரண மாற்றத்தினால்' என்று ஒரு வார்த்தை போதும். அவளே அதைச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் பிரின்டர் மேல் காகிதத்தை வைத்து எழுதிவிட்டார்: 'முந்தைய படிவத்தில் உள்ள தேதி தவறு. தவறாகப் புரிந்துகொண்டது நான்.'

அவர் மேல் அதுவரை இல்லாத மரியாதை அந்த நிமிடம் அவளுக்கு வந்தது. எட்டு மாதமாக அவரைப் பற்றி ஃபெலிக்ஸிடம் சொன்னதில் பாதியையாவது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

திரும்பி வரும்போது அவள் ஓடவில்லை, முழங்கால் விடாது. ஆனால் மணிவண்ணன் அவள் வேகத்துக்கு எட்டி நடக்க வேண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்கு நூர் முகமது ஃபோனில் "ஹோ கயா ஆபா", ஆயிற்று அக்கா, என்றார். அனுபமாவுக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அனுபமா ஒரு கூட்டத்தில் இருந்தாள். நாலேகால். லூர்துமேரி ஜெபமாலையைக் கைப்பையிலிருந்து எடுத்தாள், பிறகு உள்ளே வைத்தாள். மாதாவைத் தொந்தரவு செய்வதைவிடப் புனேக்கு ஃபோன் செய்வது மேல் என்று தோன்றியது. மையத்தின் பொது எண்ணில் கூப்பிட்டு, கூட்டத்திலிருந்து அந்தப் பெண்ணை வெளியே அழைக்கச் சொன்னாள். அவசரமா என்று கேட்டார்கள். ஆமாம், மிகவும் அவசரம் என்றாள். மூன்று பேரிடம் இதையே சொல்ல வேண்டியிருந்தது. மூன்று பேரிடமும் சொன்னாள்.

நாலு முப்பத்திரண்டுக்குத் திரையில் முதல் வரி ஓடியது. அடுத்து இன்னொன்று. பிறகு அடுக்கடுக்காக ஓடின. புனே கதவைத் தட்டுகிறது. பாவி யாரென்று கேட்கிறது, சீட்டைப் பார்க்கிறது, உள்ளே விடுகிறது. எந்தக் கோப்பை எடுக்கட்டும் என்று அனுபமா கேட்டாள்.

"நாப்பத்தேழாம் கெணறு, ரெண்டாயிரத்து மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே லூர்துமேரி அடித்தாள்.

பதினொரு வினாடி. இங்கிருந்து கிளம்பிய கோப்பும் அங்கே போய்ச் சேர்ந்த கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்று இரண்டு இயந்திரங்களும் ஒப்புக்கொண்டன. நாலு முப்பத்தேழுக்கு மஞ்சள் விளக்கு பச்சையானது. மணிவண்ணன் அவளுக்குப் பின்னால் நின்று, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள் என்றும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கதைகளில் மறுநாளே கடிதம் வந்துவிடும். இங்கே ஐந்து வாரம் ஆகியும் எவரும் எதையும் கேட்கவில்லை. கோப்புகளை எடுத்தார்கள், போனார்கள். காலிக் கட்டங்களைக் காலிக் கட்டங்களாகவே கொண்டு போனார்கள். லூர்துமேரி தினமும் காலையில் வந்ததும் தொடர்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். ஃபெலிக்ஸ் கேட்டால், "வரும்" என்பாள். ஓய்வுக்கு இன்னும் பதிமூன்று மாதம் என்று ஆனது. பிறகு அதிலும் சில நாள் குறைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வி வந்தது. தார்வாட்டிலிருந்து சுமலதா என்ற ஆராய்ச்சி மாணவி. நீளமான கடிதம் இல்லை. இரண்டாயிரத்து மூன்று மழை பொய்த்த வருடம் என்று படித்திருக்கிறேன். ஆனால் உங்கள் கிணறுகளின் சராசரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இது எப்படி? நாற்பத்தேழாம் கிணற்றில் மே மாதமும் ஜூன் மாதமும் காலியாக இருக்கின்றன. அளவெடுக்கவில்லையா, அல்லது தண்ணீர் இல்லையா?

லூர்துமேரி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு கீழ் டிராயரைத் திறந்து, அட்டை நைந்துபோன ரயில்வே டைரியை எடுத்து மேசை மேல் வைத்தாள். வேறு ஏதோ கேட்க வந்த மணிவண்ணன் அதைப் பார்த்து நின்றார். பக்கம் பக்கமாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ் எழுத்து. வ, வ, போ, வ, வ, வ.

"இது எப்ப எழுதினதுங்க மேடம்?"

"பர்ஸோ" என்றாள்.

மணிவண்ணன் இந்தத் தடவை சிரித்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பத்தேழு இருக்கும் பக்கத்தைத் தேடிக் கொடுத்தார். எழுத்துக்குப் பக்கத்தில், பதிவேட்டில் அளவெடுப்பவர் தெலுங்கில் எழுதியிருந்ததை அவள் அப்படியே குறித்து வைத்திருந்தாள். தேவரகொண்டா பக்கத்து ஆள். ஒரு முறை அவரைப் பார்த்திருக்கிறாள், இப்போது அவர் உயிரோடு இல்லை.

பதில் கட்டத்தில் வேறு விளக்கம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. முதலில் தன் பெயரையும் தேதியையும் போட்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் அடித்தாள்: அளவெடுக்கப் போனார்கள். கயிறு போதவில்லை.